மஞ்சள் நாற்காலியை எடுத்தவள்

சிகாகோவில் பெரும் பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் மாலை, ரமிரோ தன் வேனை நடுத்தெருவில் விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

வேன் நிறுத்துவதற்காகக் காலையில் ஒன்றரை மணி நேரம் முதுகு ஒடிய அவன் பனியை வாரி எடுத்த இடத்தில்தான் வினை. இடம் பிடித்ததற்கு அடையாளமாக நடுவில் மஞ்சள் நிறச் சமையலறை நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனான். பனிக்காலத்தில் எங்கள் தெருவில் நாற்காலி போட்ட இடத்தைப் பரம எதிரிகூடத் தொடமாட்டான். இப்போதோ அங்கே யாருடைய சிவப்புக் காரோ ஜம்மென்று நிற்கிறது... நாற்காலியைக் காணோம்.

பல்லைக் கடித்தபடி அண்ணாந்து பார்த்தான். எதிர்வீட்டு மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் முதுகு... அவனுடைய நாற்காலிதான். அதில் உட்கார்ந்து ஒரு பெண் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளும் பார்த்தாள். நீண்ட கரிய கண்கள்... பனி வெளிச்சம் முழுவதும் அந்தக் கண்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. தான் கோபமாக இருப்பதே ஒரு விநாடி ரமிரோவுக்கு மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்து, படியேறினான்.

"அந்த நாற்காலி என்னோடதுங்க."

"இதுவா? தெருவுல கிடந்துச்சே..."

"கிடக்கல. நான் போட்டிருந்தேன்."

"நாற்காலியைத் தெருவுலயா போடுவாங்க?"

"பின்ன வேற எங்க போடுவாங்க?" என்று கேட்ட பிறகுதான், தான் கேட்டதன் லட்சணம் அவனுக்கே உறைத்தது.

மீரிம் கிர்கிஸ்தானிலிருந்து வந்து நான்கே நாட்கள். ஏரிக்கரையில் இருக்கும் காரகோல் அவள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். வரைபடத்தில் சிகாகோவை நூறு தடவை குச்சியால் தொட்டுக் காட்டியவள், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அக்கா ஐசுலூவோடு மூன்று வாரம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். 'வேண்டாத சாமானை இங்கே தெருவில் வைத்துவிடுவார்கள், என் மேஜைகூட அப்படி எடுத்து வந்ததுதான்' என்று அக்கா சொல்லியிருந்தாள். வீட்டிலோ ஒற்றை நாற்காலி. நல்ல சாமான் நனைகிறதே என்று தூக்கி வந்து துடைத்து உட்கார்ந்துவிட்டாள், பாவம்.

விஷயம் புரிந்ததும் அவள் முகம் காதுவரை சிவந்தது. கோட்டை எடுத்து மாட்டினாள்.

"பனி வார்ற மண்வெட்டி எங்க?"

"அட விடுங்க, நான் பாத்துக்கறேன்."

"திருடின்னு பேர் வாங்கிட்டு நான் ஊருக்குப் போக மாட்டேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே..."

"உங்க முகம் சொல்லுச்சு."

அரை மணி நேரம்தான். வேன் நிற்க அளவெடுத்த மாதிரி ஓர் இடம் தயாராகிவிட்டது. ரமிரோவின் அம்மா எல்விரா வாசலில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"டேய், காலைல நீ எவ்வளவு நேரம் எடுத்த?"

"அம்மா, நீ உள்ள போ."

"கண்ணு, நீ உள்ள வாம்மா. இவன் வெளியவே நிக்கட்டும்."

சாக்லேட் போட்ட சோளமாவுக் கஞ்சி சுடச்சுட வந்தது. மீரிம் இரண்டு கோப்பை குடித்தாள். எல்விரா அப்போதே மனசுக்குள் மருமகளாக்கிவிட்டாள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுது பார்ப்பது ரமிரோவின் தொழில். மறுநாளிலிருந்து ஊர் பார்க்க மீரிமும் வேனில் கூடப் போனாள். அவன் வேலை செய்யும் நேரத்தில் அவள் அந்தந்தப் பகுதியைச் சுற்றிவிட்டு வேனுக்குத் திரும்புவாள், மூக்கு சிவக்க, சொல்ல ஆயிரம் சேதிகளோடு.

"எல்லாரும் 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கறாங்க. தொண்டை வலின்னு ஆரம்பிச்சேன்... பாத்தா ஆளையே காணோம்."

"அதுக்கு 'நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்லணும்."

"நல்லா இல்லன்னா?"

ரமிரோ தலையைச் சொறிந்தான். பிறந்ததிலிருந்து யோசித்ததே இல்லை.

"இங்க ரயில் மேம்பாலத்துல, மாடி ஜன்னலை ஒட்டிப் போகுது. உள்ள ஒரு அம்மா முட்டை பொரிச்சுட்டு இருந்தாங்க. என்னைப் பாத்துக் கையாட்டினாங்க... முட்டை கருகியிருக்கும். அப்புறம், இந்தக் குளிர்ல தண்ணி கேட்டா ஐஸ் போட்டுத் தர்றாங்க. என் மேல அப்படி என்ன கோபம்?"

ரமிரோ சிரித்துச் சிரித்து ஓரமாக வேனை நிறுத்த வேண்டியதாயிற்று. இருபத்தொன்பது வருஷமாக இருந்த ஊர்... இவள் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான். சொல்லத்தான் இல்லை.

மூன்றாவது வாரம், துணி மடித்துக்கொண்டே ஐசுலூ பேச்சை எடுத்தாள்.

"நல்ல பையன்தான் மீரிம். ஆனா ஊர்ல என்ன சொல்வாங்க? அமெரிக்காவுல தங்கறதுக்காக நீ அவனைப் பிடிச்சுட்டேன்னு சொல்வாங்க. நாளைக்கு ஒரு சண்டை வந்தா அவனே சொல்வான்."

சுருக்கென்று தைத்தது. மறுநாள் அவன் அழைப்பு மணி அடித்தபோது தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். அதற்கடுத்த நாளும் தலைவலி. சனிக்கிழமை விமானம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் நகரவில்லை. வாசற்படியிலேயே நின்றான், தோளெல்லாம் பனியோடு. அவள் இறங்கி வரத்தான் வேண்டியிருந்தது.

"என் மேல கோபமா?"

"இல்ல... இங்க தங்கத்தான் உங்ககூடப் பழகினேன்னு என்னிக்காவது உங்களுக்குத் தோணிட்டா? ஒரு பார்வை அப்படிப் பாத்தாலும் என்னால தாங்க முடியாது. அதுக்கு நான் இப்பவே போயிடறேன்."

ரமிரோ சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டினான். அதில் அவன்தான்... திருதிருவென விழித்துக்கொண்டு.

"பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. போன வாரமே விண்ணப்பம் போட்டுட்டேன், இது மீதி. நீங்க இங்க தங்க வேண்டாம் மீரிம். ஏப்ரல்ல நான் அங்க வர்றேன், உங்க அப்பா அம்மாகிட்ட கேக்கறேன். அப்புறம் எந்த ஊருன்னு நீங்க சொல்லுங்க. உங்க ஊர்னா உங்க ஊர்தான். அங்கயும் ஹீட்டர் கெட்டுப்போகும்ல?"

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"படத்துல இருக்கற இந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்ததே அவங்கதான்."

அவள் படத்தை வாங்கிக்கொண்டாள். விறுவிறுவென்று மேலே போய்விட்டாள். அன்று முழுவதும் ரமிரோவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விமான நிலையத்துக்கு அவன்தான் வேன் ஓட்டினான். வழியெல்லாம் ஐசுலூ மட்டும் பேசினாள். அவன் பெட்டியைத் தூக்கி எடை மேடையில் வைத்தபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் மீரிமின் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்தச் சின்னப் படம் நழுவி விழுந்தது.

"இது யாரும்மா?" என்று சும்மாதான் கேட்டாள் அவள்.

மீரிம் திரும்பி ரமிரோவைப் பார்த்தாள். நேற்று அடக்கி வைத்ததெல்லாம் அந்தக் கண்களில் ததும்பியது.

"இவர்தான். நான் இவரைக் காதலிக்கிறேன். ஏப்ரல்ல என்னைப் பொண்ணு கேக்க வர்றாரு... எங்க ஊருக்கு."

ஐசுலூ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கவுன்ட்டர் பெண் படத்தைப் பத்திரமாகப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொடுத்து, "அப்ப ஜன்னல் ஓரமா சீட் போடவா?" என்றாள். மீரிமுக்கு அது காதில் விழவில்லை. ரமிரோ அவள் கையைப் பிடித்திருந்தான்.