பத்திரிகையில் போடக் கூடாத படிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பென்னலூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: செல்லம்மாள், அவள் மகள் சத்யப்பிரியா, காலஞ்சென்ற கணவனின் அண்ணன் முனிரத்தினம், பெண் பார்க்க வந்த பகலவன், அவன் தாயார் மஞ்சுளா. வேறு யாரும் இல்லை.

வரனைக் கொண்டுவந்தவர் முனிரத்தினம்தான். ப்ளஸ் டூ முடிந்ததுமே கட்டிக் கொடு என்று அன்று அவர் சொன்னதைக் கேளாமல், ஒரகடம் கம்பெனி கேன்டீனில் வெங்காயம் உரித்து மகளைக் கால்நடை மருத்துவம் படிக்க வைத்தாள் செல்லம்மாள். அதிலிருந்து அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தச் சம்பந்தமாவது அந்த மனத்தாங்கலைத் தீர்க்காதா என்று விடிந்ததிலிருந்தே அவளுக்கு ஒரே தவிப்பு.

மஞ்சுளாவுக்குக் காபி குடிக்க நேரமில்லை. கேள்விமேல் கேள்வி!

"ஏன் கண்ணு, இங்க மாடு எங்க கீது? எங்க பாத்தாலும் கம்பெனிதான். உனுக்கு இன்னா வேல கெடைக்கும்?"

சத்யா சிரித்துவிட்டாள். "மாடு மட்டுமா ஆன்ட்டி? அபார்ட்மென்ட்ல பாதி வூட்ல நாய், பூனை. கோழிப் பண்ணைல கூப்புடுறாங்க, தீவனக் கம்பெனில கூப்புடுறாங்க. வாலாஜாபாத் பக்கம் போனா மாடும் இருக்கு."

"ஓ.டி., ஓவர்டைம் காசு உண்டா?" என்றான் பகலவன். மறைமலை நகர் கார் கம்பெனியில் பெர்மனன்ட் அவன்.

"நாய்க்குட்டி ராத்திரில வாந்தி எடுத்தா, அதுகிட்ட ஓ.டி. கேக்க முடியுமா? இப்ப கிளினிக்ல முப்பத்தஞ்சாயிரம் தராங்க. கவர்மென்ட் டாக்டர் ஆயிட்டா அடிப்படைச் சம்பளமே அம்பத்தாறாயிரத்துக்கு மேல. பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன். வேல எப்போ வரும்னு மட்டும் சொல்ல முடியாது."

"அம்பத்தாறா! டேய், உன்ன மிஞ்சிடுவாடா!" மஞ்சுளாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்களுக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு... கல்யாணப் பத்திரிகைல பொண்ணு பேருக்கு முன்னாடி டாக்டர்னு மட்டும் போட்டுடுங்க. பின்னால அந்த மாட்டுப் படிப்ப போடாதீங்க. எங்க ஜனம் சிரிக்கும்."

பகலவன் தரையைப் பார்த்தான். செல்லம்மாள் மகளைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசியவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்...

"மாமா, என்ன மன்னிச்சிக்கோங்க..." செல்லம்மாள் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "யாரு இன்னா பேசினாலும் பொறுத்துக்கினு இருந்தேன். வெங்காயம் உரிச்சி உரிச்சி என் கண்ணு எரிஞ்சதே அந்த மாட்டுப் படிப்புக்குத்தான்! அத மறைச்சி என் பொண்ண அனுப்ப மாட்டேன். இந்தச் சம்பந்தம் வேணாம்!"

முனிரத்தினம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார் என்றே செல்லம்மாளுக்குத் தோன்றியது. அவரோ மஞ்சுளாவை நோக்கிக் கைகூப்பினார்.

"எங்க வம்சத்துல மொத டாக்டர் இந்தப் பொண்ணுதாம்மா. அவ படிச்சத மறைக்கிற அளவுக்கு எங்களுக்கு ஒரு கொறையும் வரல. பெத்தவ சொல்லிட்டா, அதான் பேச்சு. போய்ட்டு வாங்க."

அவர்கள் படியிறங்கியதும் சத்யா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிப்பா...!"

"அழுவாதடி. செல்லம்மா... நீயும்தான். எலய போடு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடலாம்."

செல்லம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

சம்பளம் போதாதென்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டதாகப் பென்னலூரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். சம்பளம் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. வேண்டாம் என்றது பெண் வீடு.