மூன்றாவது வரிசையில் ஒரு கை

டொராண்டோவிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்த லோர்னா ப்ரூயிட், கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை மதியம். தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. புல்வெளியில் போட்டிருந்த வெள்ளைக் கூடாரத்துக்குள் அவளுடைய வகுப்புத் தோழர்கள் காபியும் டோனட்டுமாக நின்று, யார் எந்த நிறுவனத்துக்குத் தலைவரானார்கள் என்று ஒருவருக்கொருவர் அடக்கமாகப் பீற்றிக்கொண்டிருந்தார்கள். எம்.பி.ஏ. முடித்து இருபது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் மாறவேயில்லை.

அவள் கைப்பையில் எட்டு மஞ்சள் தாள்கள் இருந்தன. இருபது வருடமாக அவற்றைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, யாரிடமும் காட்டவும் தைரியம் வரவில்லை.

யாரோ கார் கண்ணாடியைத் தட்டினார்கள். கூடப் படித்த மோரிஸ். தலையில் இருந்ததெல்லாம் தாடிக்கு இறங்கியிருந்தது.

"என்னடி, காருக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா? இறங்கு, இறங்கு. ஹார்க்னஸ் வகுப்பு எடுக்கப் போறாரு."

"இன்னும் இருக்காரா அவரு?"

"எண்பத்தாறு வயசு. கண்ணு சரியாத் தெரியல, நாக்கு மட்டும் அப்படியே இருக்கு. எல்லாரும் பழைய சீட்லயே உட்காரணுமாம்." மோரிஸ் குரலைத் தாழ்த்தினான். "வெண்டலோட அக்கா வந்திருக்காங்க. எடித். உன்னைத்தான் விசாரிச்சாங்க. பக்கத்து சீட்டு நீதானே?"

லோர்னா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த வகுப்பறையை மறக்க முடியாது. குதிரை லாடம் போல வளைந்த ஐந்து வரிசைகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. தரையோடு திருகி வைத்த சுழல் நாற்காலிகள். ஒவ்வொருவர் முன்னாலும் மேசைப் பள்ளத்தில் செருகிய பெயர் அட்டை. ஹார்க்னஸ் பாடம் நடத்த மாட்டார். ஏதாவது ஒரு கம்பெனியின் கதையை முதல் நாளே படிக்கக் கொடுத்துவிட்டு, மறுநாள் உள்ளே வந்ததும் ஒரு பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் எழுந்து அந்தக் கம்பெனியை என்ன செய்யலாம் என்று அக்குவேறு ஆணிவேறாகச் சொல்ல வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். பேச்சு வராமல் ஒருவர் திணறினால், வேறு யாராவது கை தூக்கலாம். கை தூக்கினவரிடம் ஹார்க்னஸ் தாவிவிடுவார், திணறியவர் தப்பித்துக்கொள்வார்.

வெண்டல் வகுப்பிலேயே புத்திசாலி. ஆனால் எழுந்து நின்றால் தாடை பூட்டிக்கொள்ளும். முதல் வாரத்திலேயே அவன் லோர்னாவிடம் ஓர் ஒப்பந்தம் போட்டான்.

"எனக்கு வாய் வரலேன்னா அட்டையைக் கவுத்து வைப்பேன். உடனே நீ கை தூக்கிடு. நீ மாட்டினா நான் தூக்குறேன். சரியா?"

"சரிடா, பயந்தாங்கொள்ளி."

இரண்டு முறை லோர்னா மாட்டினாள். இரண்டு முறையும் அவள் அட்டை கவிழும் முன்பே வெண்டலின் கை மேலே போயிருந்தது. அவளுக்காகத் திக்கித் திக்கி, வியர்த்து, எப்படியோ பேசி முடித்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவன் பெயர் வந்தது. மீனை டப்பாவில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையை மூடுவதா வேண்டாமா என்பது கேள்வி. அதற்கு அவன் எட்டுப் பக்கம் எழுதியிருந்தான். முந்தின நாள் விருந்துக்குப் போய்விட்டுப் படிக்காமல் வந்த லோர்னாவுக்கு, வகுப்புக்கு முன்னால் அந்தத் தாள்களை அவனே கொடுத்தான். "எனக்கு மனப்பாடம். நீ பாத்துக்க." அவன் எழுந்தான். தாடை பூட்டிக்கொண்டது. அட்டையைக் கவிழ்த்தான்.

லோர்னா அந்த அட்டையைப் பார்த்தாள்.

ஹார்க்னஸ் அந்த வாரம் ஒரே ஒருவருக்குத்தான் வேலைக்கான சிபாரிசுக் கடிதம் கொடுப்பதாக இருந்தார். அது இவனுக்கா, இவளுக்கா என்ற நிலை. லோர்னா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். நான்கு நிமிடம். அவன் இரண்டாம் முறை அட்டையைத் தட்டியதும் கேட்டது. கடைசியில் ஹார்க்னஸ், "உட்காருங்க. படிக்காம வர்றவங்களுக்கு இங்க இடமில்ல," என்று சொன்ன பிறகுதான் அவள் கை தூக்கினாள். எட்டுப் பக்கத்தையும் தன்னுடையதாக வாசித்தாள். வகுப்பே கைதட்டியது.

வெண்டலும் தட்டினான்.

மதியம், கல்லூரிக்கும் விடுதிக்கும் நடுவே உறைந்து கிடந்த ஏரியின் மேல் குறுக்கே நடந்து அறைக்குக் கிளம்பினான். எல்லோரும் போகும் வழிதான். அன்று பனிக்கட்டி இளகியிருந்தது, போகக் கூடாது என்று சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். பனிக்கட்டி உடைந்து அவன் தண்ணீருக்குள் போய்விட்டான். அவன் கொடியைப் பார்த்தானா, பார்த்துவிட்டுத்தான் போனானா என்பது யாருக்கும் தெரியாது. லோர்னா மட்டும் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

இப்போது அவள் மூன்றாவது வரிசையில் தன் இடத்துக்குப் போனபோது, பக்கத்து நாற்காலியின் முன்னாலும் ஓர் அட்டை நின்றது.

வெண்டல் காப்.

"பழைய சீட் பட்டியலை அப்படியே அச்சடிச்சிருக்கானுங்க," என்று பின்வரிசையிலிருந்து மோரிஸ் முணுமுணுத்தான். "ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் மூளை கிடையாது."

அவளால் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

அவசரமாக மறுபடி நிமிர்த்தினாள். அட்டையின் அடிப்பாகம் ஈரமாக இருந்தது. கூரையைப் பார்த்தாள், ஒழுகவில்லை. நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை வந்தது. அதற்கடியில் ஏரித் தண்ணீரின் பாசி வாடை. மழையில் வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள், யாருடைய கோட்டிலிருந்தாவது வருகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஹார்க்னஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முதல் வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். எடித்.

"இன்னைக்குக் கம்பெனி கதை எதுவும் கிடையாது," என்றார் ஹார்க்னஸ். "ஒரே கேள்வி. லோர்னா ப்ரூயிட்."

இருபது வருடம் கழித்தும், அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டதும் அவள் தானாக எழுந்து நின்றாள்.

"வெண்டல் கடைசியா உட்கார்ந்தது உன் பக்கத்துல. அன்னைக்கு அவனுக்கு என்ன ஆச்சு? அவன் அக்கா கேக்குறாங்க. நானும்தான் கேக்குறேன்."

எடித் திரும்பிப் பார்த்தார். "அவன் படிக்காம வந்தான்னு காலேஜ்லேருந்து கடிதம் வந்துச்சு. எங்கப்பா சாகுற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தாரு, சோம்பேறிப் பயன்னு. எனக்கு நம்பிக்கையில்ல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்கம்மா. எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

லோர்னா வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

தாடை பூட்டிக்கொண்டது. நாக்கு கல்லாகக் கிடந்தது. நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. அவன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியபோது, கால்விரல்களிலிருந்து குளிர் ஏறியது.

டப்.

அவள் முன்னால் இருந்த அட்டை தானாகக் கவிழ்ந்தது.

பக்கத்தில் திருகு கிறீச்சிட்டது. காலி நாற்காலி மெதுவாக அவளை நோக்கித் திரும்பியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கண்ணில் தெரிந்ததே போதுமானதாக இருந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் கை. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தக் கை மேலே போய்க்கொண்டிருந்தது.

"ம், மூணாவது வரிசை," என்றார் ஹார்க்னஸ், மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "கை தூக்குனது யாரு? சொல்லுங்க."

எல்லோரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள்.

காதருகே குளிர்ந்த மூச்சு பட்டது.

"ப-படிக்கலேன்னு சொல்லு, லோர்னா," என்றது ஒரு திக்கும் குரல். "வெண்டல் படிக்கலேன்னு சொல்லிடு. உ-உட்கார்ந்துடலாம்."

கோபமே இல்லாத குரல். இன்றும் அவளைக் காப்பாற்றத்தான் வந்திருந்தான். அவன் அவள் கழுத்தைப் பிடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

தாடை விடுபட்டது. "அவன்... அன்னைக்குப் படிக்கல," என்று தன் வாய் சொல்வதை அவளே கேட்டாள்.

எடித் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருடம் பிடித்துவைத்த ஏதோ ஒன்றை அந்தத் தோள்கள் அங்கேயே கீழே போட்டன. "சரிம்மா," என்றார். "சொன்னதுக்கு நன்றி."

அந்த நன்றிதான் லோர்னாவை உடைத்தது.

"இல்ல! பொய்! பொய் சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். கைப்பையை மேசைமேல் கொட்டினாள். சீப்பும் சாவியும் உருண்டோட, மஞ்சள் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு படியிறங்கினாள். "அவன் எழுதினது இது. எட்டுப் பக்கம். நான் என்னோடதுன்னு படிச்சேன். அவன் என்னைக் கூப்பிட்டான், ரெண்டு தடவை கூப்பிட்டான், நான் கைமேல உட்கார்ந்திருந்தேன். உங்க தம்பி சோம்பேறி இல்ல. நான்தான்..." அதற்குமேல் அழுகை விடவில்லை.

ஹார்க்னஸ் தடியில் சாய்ந்து நின்றார். "நானும் நாலு நிமிஷம் பார்த்துட்டுத்தானே நின்னேன்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

எடித் தாள்களை வாங்கி முதல் பக்கத்தில் விரலை வைத்தார். எழுத்தை வரிவரியாகத் தடவினார். முடிவில் நிமிர்ந்து, "உங்களை மன்னிக்கிறேன்னு சொல்ல எனக்கு வரல," என்றார். தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று லோர்னா நினைத்தாள். சொல்லிவிட்டோம், இனி அவன் போய்விடுவான். வீடு திரும்பிய பிறகு மூன்று வாரம் நன்றாகவே தூங்கினாள்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, அலுவலகக் கூட்டம். இயக்குநர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தவளுக்கு நடுவில் ஒரு விவரம் மறந்துபோனது. ஒரு நொடி தடுமாறினாள். வேறு யாராக இருந்தாலும் சிரித்துச் சமாளித்திருப்பார்கள்.

கம்பளி வாசனை வந்தது.

"லோர்னா," என்றார் தலைவர், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து. "அவர் யாரு, உங்க ஆளா? ரொம்ப நேரமா கை தூக்கிட்டு நிக்கிறாரே."

அவள் திரும்பவில்லை. கம்பளத்தில் தண்ணீர் சொட்டுவது அவளுக்கு நன்றாகக் கேட்டது.