பன்னிரண்டாவது ஹெல்மெட்

போலீஸ் ஸ்டேஷனுக்குள் சிரித்துக்கொண்டே போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் ஆறு பேர் அப்படித்தான் போனோம். மண்வெட்டி, பூவாளி, நாலு மூட்டை மண்புழு உரம், ஒரு தூக்கு நிறைய இட்லி. ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி.

செங்கல்பட்டு, திருப்போரூர் பக்கத்து ஆட்கள் நாங்கள். தீயணைப்பு நிலையம், போலீஸ் ஸ்டேஷன் என்று பார்த்துப் பார்த்துத் தோட்டம் போட்டுக் கொடுப்போம். சும்மாதான். வாரா வாரம் போய்ப் பராமரிப்பதும் நாங்களே. இந்த ஸ்டேஷன் திருவிடந்தை தாண்டி, ஈ.சி.ஆர். ஓரம். எது என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் என் பேர் தொங்குகிறது.

நான் காசிநாதன். முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஊரை இருட்டில் வைத்திருக்கிறேனே தவிர, பொய் சொன்னதில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னால் விபத்து வண்டிகள் குவிந்து கிடந்தன. கேஸ் முடிகிற வரைக்கும் அவை அங்கேதான் கிடக்கும். கடல் உப்பு தின்ற இரும்பு வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பழைய தலையணையை முகர்ந்தால் வருமே, அது. சவுக்குத் தோப்பு ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மாடிப்படிக்கு அடியில் ஹெல்மெட் குவியல். எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான விஜயகுமாரிக்குக் கண் மின்னியது.

"சார், இதுல செடி வெச்சி சுவத்துல மாட்டினா எப்டி இருக்கும்?"

ஏட்டு ஆனந்தன் தலையைச் சொறிந்தார். "கேஸ் முடிஞ்சது எடுத்துக்கோங்க. சீட்டு கட்டினது மட்டும் வேணாம். அது கோர்ட்டு சாமான்."

சீட்டு இல்லாதது என்று பொறுக்கியதில் பன்னிரண்டுதான் தேறியது. சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்தேன். விஜயகுமாரி சோப்புத் தண்ணீரில் ஹெல்மெட்டுகளை ஊறப்போட்டாள். கடைசியாக நான் கை விட்டபோது ஒரு அட்டைச் சீட்டு மிதந்து வந்தது. கறுப்பு ஹெல்மெட்டிலிருந்து அவிழ்ந்தது. மை கரைந்துவிட்டிருந்தது. ஒரு வரி மட்டும் மிச்சம்.

பெயர்: தெரியவில்லை.

அந்த ஹெல்மெட்டை எடுத்துவிட்டால் பதினொன்றுதான் இருக்கும். ஆணியோ பன்னிரண்டு. சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஹெல்மெட்டை ஆணியில் கம்பி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, கண்ணாடியை இறுக மூடி, மண் நிரப்பி, பத்து மணிப் பூ நட்டோம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செடி ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் பேரை எழுதிக் கட்டுவோம். அந்தக் குடும்பம்தான் அதற்குப் பொறுப்பு. விஜயகுமாரி கறுப்பு ஹெல்மெட்டில் தன் ஒரே மகன் பேரைக் கட்டினாள். ரஞ்சித்குமார். சிறுசேரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிப்போக பைக்கில் வருவான்.

"எம் புள்ள பேர்ல ஒரு உசுரு வளரட்டும் சார்," என்றாள்.

வளர்ந்தது.

மற்ற பதினொன்றும் பேருக்கு ஏற்றபடி பத்து மணிக்குப் பூத்தன. கறுப்பு ஹெல்மெட் மட்டும் விஜயகுமாரி கேட்டுக்குள் நுழைந்ததும் பூத்தது, அவள் போனதும் மூடிக்கொண்டது. பாசமுள்ள செடி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அதன் கண்ணாடியைக் கவனித்தேன். உள்ளே மண் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மையாக ஆவி படிந்திருந்தது.

மறைந்தது.

படிந்தது.

மறைந்தது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். நிதானமாகத் தூங்குகிற ஆளின் கணக்கு.

மூன்றாவது ஞாயிறு, கேட்டிலிருந்து ஆனந்தன் குரல் கொடுத்தார். "அம்மா, உன் புள்ள வந்துட்டாரு. கூட யாரோ ஃப்ரெண்டு."

ரஞ்சித்குமார் தனியாகத்தான் நின்றான்.

"கூட யாருடா?"

"யாரும் இல்லமா."

ஆனந்தன் கண்ணைக் கசக்கினார். "கறுப்பு ஹெல்மெட்டு போட்டுகினு ஒர்த்தரு. அவருதானே ஓட்டிகினு வந்தாரு? தம்பி பின்னாடி இல்ல உக்காந்துகினு இருந்துச்சி?"

"இன்னா ஆனந்தா, காலைலயேவா?" என்றேன்.

"சார், மாலை போட்டுகினு கீறேன்," என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு விஜயகுமாரி பஸ்ஸில் வந்தாள். மகனும் கூடவே வந்திருந்தான், கையில் மாவுக்கட்டோடு. கேளம்பாக்கம் பக்கம் ஒரு வளைவில் வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியிருக்கிறது.

"தூங்கிட்டியாப்பா?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஓட்டல சார். என் கை ரெண்டும் முட்டி மேலதான் இருந்திச்சி."

விஜயகுமாரி என்னைத் தனியாக இழுத்துப்போனாள். "ரெண்டு வாரமா அவன் ஹெல்மெட்ட கழட்டினா மண்ணு கொட்டுது சார். நேத்து ராத்திரி பேர் சொல்லி கூப்ட்டேன். உள்ரூம்ல இருந்தும் ஒரு குரல் வந்துச்சி, வாசல்ல இருந்தும் ஒரு குரல் வந்துச்சி. 'இன்னாமா'ன்னு ரெண்டு பேரும் கேக்கறானுங்க." அவள் குரல் அடங்கியது. "எனுக்கு ஒரே புள்ள சார்."

அன்றிலிருந்து பர்சில் வைத்திருந்த அந்தச் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். நேராக நடந்து போய், கறுப்பு ஹெல்மெட்டிலிருந்து மகன் பேரை வெடுக்கென்று பிய்த்தாள்.

சவுக்குத் தோப்பின் மூச்சு நின்றது.

ரோட்டில் ஒரு கார் போயிற்று. சத்தம் கேட்கவில்லை.

மற்ற பதினோரு ஹெல்மெட்டுகளும் கம்பியில் மெல்லத் திரும்பின. காற்று இல்லை. எல்லாக் கண்ணாடியும் ரஞ்சித்குமார் பக்கம்.

அவன் கால்கள் நடக்க ஆரம்பித்தன. முகம் வேண்டாம் வேண்டாம் என்றது. கால் கேட்கவில்லை. சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தான். விஜயகுமாரி அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான்.

நான் அவர்களைத் தாண்டி ஓடினேன். எழுபத்தொரு வயதில் ஓட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியில் ஆவி படிந்தது. இந்தத் தடவை மறையவில்லை. ஈர மண்ணுக்குள்ளிருந்து, ரொம்பப் பக்கத்தில்:

"பேரு?"

கேஸ் எழுதுகிற மாதிரி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல்நாள் விட்டுவிட்டு வந்த பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டது.

பேர் கொடுக்காமல் அது விடாது என்று புரிந்துவிட்டது. பையில் வெற்று அட்டைகளும் மார்க்கரும் இருந்தன. ஆனந்தன் பேரை எழுதலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்று முன்பே சொன்னேன். பிறகு சீட்டை மறைத்தவன் யார் என்பது நினைவுக்கு வந்தது. கோணல் மாணலாக எழுதிக் கட்டினேன்.

காசிநாதன்.

ரஞ்சித்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். தோப்பு மறுபடி மூச்சு விட்டது. ஏட்டு ஆனந்தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "டீ சொல்லட்டா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் ரஞ்சித்குமாருக்கு ஒரு குறையும் இல்லை. கை கூடிவிட்டது. கூப்பிட்டால் ஒரே குரல்தான் வருகிறதாம். விஜயகுமாரி எனக்கு வாரா வாரம் மீன் குழம்பு கொண்டுவருகிறாள். நானும் வாரம் தவறாமல் என் ஓட்டை மொபெட்டில் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். கறுப்பு ஹெல்மெட் இப்போது நான் போனால் பூக்கிறது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். தலை வாரினால் கொஞ்சம் மண் உதிரும், அவ்வளவுதான்.

போன ஞாயிறு பதினோரு மணி வெயிலில் வீடு திரும்பினேன். எதிர்வீட்டு ரெபேக்காள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லயே சார், இந்த வயசுல வண்டி ஓட்ட ஆள் வெச்சிக்கிட்டது நல்லதுதான்," என்றாள். "ஆனா பின்னாடி உக்காந்து வரும்போது எதுக்கு சார் கண்ண மூடிகினு வர்றீங்க?"