பங்குத் துப்பாக்கி

பல் தேய்த்து, ஒரு வாய் காப்பி குடித்து முடித்ததும் தவசிக்கனி தினமும் சூரியனைச் சுடுவார்.

செவ்வாயில் இருக்கும் புதுச்செவல் குடியிருப்புக்கு வெளிச்சம் நேராக வருவதில்லை. குமிழ்க்கூரைக்கு மேலே கம்பங்களில் நிற்கும் ஐந்து பெரிய ஆடிகள்தான் சூரியனைப் பிடித்துத் தெருக்களுக்குள் திருப்பிவிடும். இரவெல்லாம் அந்த ஆடிகளின் மேல் தூசும் உறைபனியும் கலந்து அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். தவசிக்கனி காப்புடை அணிந்து, கூரைக் கூண்டில் ஏறி, ஆடிக்கு ஓர் உண்டை வீதம் ஐந்து உண்டை அடிப்பார். உண்டை வெறும் பனிக்கட்டி. அடை உதிரும், ஆடி கீறாது, உண்டை ஆவியாகிவிடும். முதல் உண்டைக்குக் கீழத்தெரு விடியும். ஐந்தாவதற்குப் பள்ளிக்கூடம் விடியும். ஒரு நாள் தும்மலில் குறி தவறி மேலத்தெரு மட்டும் பத்து நிமிடம் பிந்தி விடிந்தது. அந்தத் தெருக்காரர்கள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்தத் துப்பாக்கி கடையில் வாங்கியது அல்ல. கழித்துப் போட்ட சாமான்களைப் பொறுக்கி, எட்டு வருடம் உட்கார்ந்து அவரே வீட்டில் செய்தது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பட்டுத்துணியில் சுற்றி வைப்பார். அந்தப் பட்டுத்துணி அவர் மனைவி பேச்சித்தாயின் கல்யாணச் சேலையிலிருந்து கிழித்தது என்பதை அந்த அம்மாள் மூன்று வருடம் கழித்தே கண்டுபிடித்தாள்.

எல்லாம் துடைப்பிகள் வரும் வரைக்கும்தான். எட்டுக்கால் இயந்திரங்கள், சிலந்தி மாதிரி ஆடிகளின் மேல் ஏறி, விடியுமுன் வழித்துச் சுத்தம் செய்துவிட்டு இறங்கிவிடும். அவை வந்த மறுமாதமே படைக்கல வாரியத்தின் உத்தரவும் வந்தது. வீட்டில் செய்த துப்பாக்கி இனி யாருக்கும் தேவையில்லை. உரிமம் உள்ளவருக்கு ஒரு மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் வாரியத்தின் வண்டி வந்து உருக்கியில் போட்டுவிடும்.

உருக்கி என்ற சொல்லைப் படித்ததும் தவசிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. அது எங்கேயாவது, யார் வீட்டிலாவது இருந்தால் போதும், உருகக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஊர்ப்பலகையில் எழுதிப் போட்டார். இருபத்தாறு நாள் ஆயிற்று. உரிமம் உள்ள ஆள் நானூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு வந்தார். சட்டத்தைக் கேட்டுவிட்டுச் சர்பத் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"இங்கேருங்க," என்றாள் பேச்சித்தாய். "ஒரு ஆட்ட முழுசா யாராச்சும் வாங்குதாவளா? கூறு போட்டாத்தான விக்கும்."

"என்னட்டீ சொல்லுத?"

"பங்குக்கறி போடுத மாதிரி ஏழு கூறாப் போடுங்க. உத்தரவுல துப்பாக்கின்னுதான போட்டிருக்கான். குழாய விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கானா?"

தவசிக்கனி உத்தரவை எடுத்துத் தலைப்பிலிருந்து முத்திரை வரைக்கும் இரண்டு முறை படித்தார். போட்டிருக்கவில்லை.

பலகையில் "முழுதாக" என்பதற்குப் பக்கத்தில் "அல்லது உறுப்புகளாக" என்று சேர்த்து எழுதிய அன்றே கூட்டம் வந்துவிட்டது. பிடிக்கும் கட்டையை, நீர்க்குழாய் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒச்சப்பன் வாங்கினார், சாய்வு நாற்காலிக்குக் கைப்பிடியாக. குழலை இட்லிக்கடை செண்பகவல்லி பூரி தேய்க்க வாங்கினாள். குறிநோக்கியைப் பள்ளிக்கூடத்து ரோசம்மாள் டீச்சர் வாங்கினார். பிள்ளைகளுக்குப் பூமியைக் காட்ட என்றார், கடைசி பெஞ்சைப் பார்க்க என்று ஊரில் சொன்னார்கள். உண்டையைத் தள்ளும் காற்றுப்புட்டி சைக்கிள் கடைக்கும், பனியுண்டை வார்க்கும் பெட்டி சர்பத் கடைக்கும் போயின. விசையை ஒருவர் கதவுத் தாழ்ப்பாளுக்கு எடுத்துக்கொண்டார். மிஞ்சியது தோளில் மாட்டும் வார். அதைக் கோமதி தன் கைப்பிள்ளையின் தொட்டிலுக்குக் கட்டினாள்.

பிரிக்கும்போது தவசிக்கனிக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் கடைத்தெருவில் நடந்தபோது, அங்கே குழல் உருள்கிறது, இங்கே பெட்டியிலிருந்து பனிக்கட்டி விழுகிறது, தொட்டில் ஆடுகிறது. ஒரு பிள்ளையைப் பெற்றவனுக்கு ஏழு வீட்டில் சம்பந்தம் கிடைத்த மாதிரி இருந்தது. போகிற இடமெல்லாம் உட்காரச் சொல்லிப் பலகாரம் வைத்தார்கள். மூன்றே நாளில் அவருக்கு இடுப்புவார் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் வாரியத்தின் வண்டி வந்தது.

வந்தவர் இளவெயினி என்ற அதிகாரி. முப்பது வயது இருக்கும். வண்டியின் பின்பக்கம் அரிசி மில் தொட்டி மாதிரி வாயைத் திறந்துகொண்டு உருக்கி நின்றது. அந்த அம்மாள் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஐயா, நீங்க பண்ணினது தப்பில்ல. உறுப்பு ஆயுதம் ஆகாது. ஆனா பதினாலாவது விதி ஒண்ணு இருக்கு. எல்லா உறுப்பும் ஒரே ஊர்ல இருந்தா கூட்டுச் சோதனை வைக்கணும். வாங்கினவங்களைக் கூப்பிட்டு, சேருங்கன்னு சொல்லுவேன். ஒரு மணி நேரத்துக்குள்ள அது மறுபடியும் துப்பாக்கி ஆயிட்டா, அது துப்பாக்கிதான். உருக்கிக்குப் போயிடும்."

"ஆகலைன்னா?"

"ஏழு வீட்டுச் சாமான். நான் பாட்டுக்குப் போயிடுவேன். சேர்த்தா என்ன ஆகும்னு அவங்ககிட்ட நீங்க சொல்லக் கூடாது. சொன்னா அப்பவே உருக்கிதான்."

அந்தத் துப்பாக்கியைத் தவசிக்கனி கண்ணை மூடிக்கொண்டு நாலு நிமிடத்தில் பூட்டுவார். விவரம் தெரியாதவர்கள் ஏழு பேர் சேர்ந்தால் பத்து நிமிடம் ஆகும். அந்த அளவுக்கு எளிதாகப் பூட்டும்படி செய்திருந்த தம் கெட்டிக்காரத்தனத்தை அன்றுதான் முதல் முறையாக நொந்துகொண்டார்.

சோதனைக்கான அழைப்பு, "உறுப்பு உரிமையாளர்கள் உறுப்புடன் வரவும்" என்று மட்டும் சொன்னது. ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. நம்மூர்த் துப்பாக்கியைப் பார்க்க வாரியத்திலிருந்தே ஆள் வந்திருக்கிறது. சபைக்கூடத்தில் மாவிலைத் தோரணம் அச்சிட்டுக் கட்டினார்கள். ஒச்சப்பன் பட்டு வேட்டியில் வந்தார். அவருடைய கட்டை தாம்பாளத்தில், சந்தனம் குங்குமத்தோடு வந்தது. செண்பகவல்லி குழலைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தாள். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாரை மாலை மாதிரி மடித்து ஏந்தி, கோமதியும் வந்தாள்.

தவசிக்கனி முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் மணிக்கட்டைப் பேச்சித்தாய் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். "இதோ மேசை. முதல் உறுப்பை வைச்சு ஆரம்பிங்க."

ஏழு பேரும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். பிறகு ஏழு பேரும் நின்றார்கள்.

"கட்டைதானே முதல்ல," என்றார் ஒச்சப்பன், இதில் பேச என்ன இருக்கிறது என்பது போல. "பிடிக்க இடமில்லாம துப்பாக்கி ஏது? போக, இந்த ஊருக்குத் தண்ணி திறந்துவிட்டதே நான்தான்."

"தண்ணி திறந்துவிட்டா? சம்பளத்துக்குத்தான திறந்தீரு," என்றாள் செண்பகவல்லி. "குழாயில்லாம வெறுங்கட்டைய வச்சு என்ன செய்ய, நாய் வெரட்டவா? எங்க அப்பா வந்தது முதல் கப்பல். நீரு ரெண்டாங் கப்பல்."

"ரெண்டாங் கப்பல்தான். ஆனா முதல் கப்பலுக்கு மூணு நாள் முந்தி வந்து இறங்குன ரெண்டாங் கப்பல்."

ரோசம்மாள் டீச்சர் தொண்டையைச் செருமினார். "குறி இல்லாத துப்பாக்கி குருட்டுத் துப்பாக்கி. இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவ நான். நான் ஒண்ணும் கேக்கல. நீங்களாப் பாத்துச் சொல்லுங்க."

"அப்ப அகர வரிசையில வைங்க," என்றார் அதிகாரி.

"ஆளு பேரு வரிசையா, சாமான் பேரு வரிசையா?" என்றார் சைக்கிள் கடைக்காரர். இதற்குப் பதினொரு நிமிடம் போயிற்று. ஆள் பெயர் என்றால் ஒச்சப்பன் முன்னால் போய்விடுகிறார். சாமான் பெயர் என்றால் பனியுண்டைப் பெட்டியை உண்டைப்பெட்டி என்று சொல்லிச் சர்பத் கடைக்காரர் முன்னால் போய்விடப் பார்க்கிறார்.

சீட்டுக் குலுக்கலாம் என்று அதிகாரி சொன்னார். குலுக்கலாம், ஆனால் சீட்டை யார் முதலில் எடுப்பது என்றார்கள். ஒரு குழு அமைக்கலாம் என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர். குழுவுக்குத் தலைவர் மேலத்தெருவா கீழத்தெருவா என்று அடுத்த கேள்வி வந்தது. தாழ்ப்பாள்காரர், இதெல்லாம் சரிப்படாது என்று விசையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானம் செய்ய யார் போவது என்பது தனி வழக்காயிற்று. நடுவில் எல்லாருக்கும் சர்பத் வந்தது. யாரும் கோபமாக இல்லை என்பதுதான் விசேஷம். முகமெல்லாம் கல்யாண வீட்டுக் களை. கோமதி மட்டும் அமைதியாகச் சொன்னாள்: "வாரு இல்லாமலும் சுடலாம்னு நினைக்கிய. நினைச்சுக்கோங்க. பச்சப்புள்ள தொட்டிலக் கழட்டிக் கொண்டாந்தது நான் ஒருத்திதான்."



ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில்தான் ஒச்சப்பனுக்கு அந்த யோசனை தோன்றியது. "ஏன்வே மல்லுக்கட்டணும்? செஞ்ச மனுசன் இங்கனதான இருக்காரு. தவசிக்கனி, நீரே சொல்லும். எது முதல்?"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் சொன்னால் ஏழு பேரும் கேட்பார்கள், அது சத்தியம்.

எது முதல் என்று தவசிக்கனிக்குத் தெரியும். இத்தனை வருடமாக யாருமே அவரிடம் கேட்காத கேள்வி. எப்படிச் செய்தேன், எதை எதில் பொருத்தினேன் என்று ஊர் முன்னால் சொல்ல ஒரு நாள் வாய்க்காதா என்று ஏங்கிய மனிதர். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேச்சித்தாயின் நகம் மணிக்கட்டில் இறங்கியது.

அவர் எழுந்து நின்றார். கூடத்திலிருந்த ஆறு உறுப்பையும், வாசலுக்கு வெளியே தாழ்ப்பாள்காரரின் சட்டைப் பையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பெத்தவன்கிட்ட எந்தப் பிள்ள முதல்னு கேட்டா என்ன சொல்ல?" என்றார். "எனக்கு ஏழுமே முதல்தான்."

ஏழு முகமும் மலர்ந்தன.

"கேட்டியளா? கட்டை முதல்னு அவரே சொல்லிட்டாரு," என்றார் ஒச்சப்பன்.

"குழலும் முதல்னுதான சொன்னாரு."

தாழ்ப்பாள்காரர் வெளியிலிருந்து எழுந்து உள்ளே ஓடிவந்தார்.

மணி அடித்தபோது மேசை வெறுமையாக இருந்தது. இளவெயினி நல்ல மனது உள்ளவர். ஏதோ தடங்கலாக இருக்கும் என்று தாமாகவே இன்னும் அரைமணி கொடுத்தார். அந்த அரைமணியில், சோதனையின் நினைவாக அச்சடிக்கப்போகும் வாழ்த்துப் பலகையில் யாருடைய படம் பெரிதாக வரும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

அவர் வண்டியில் ஏறும்போது தவசிக்கனியைப் பார்த்துச் சிரித்தார். "துப்பாக்கிங்களுக்குக் கைரேகைப் பூட்டு போட்டோம் ஐயா. கண்மணிப் பூட்டு போட்டோம். மூளைக்குள்ள சில்லு வைச்சுக்கூடப் பூட்டினோம். ஒரு வாரத்துல திறந்துடுவாங்க. இப்படி ஒரு பூட்டை நான் பாத்ததே இல்ல." பதிவேட்டில் "ஆயுதமன்று" என்று எழுதி முத்திரை குத்தினார். உருக்கி வெறும் வாயோடு ஊரைவிட்டுப் போயிற்று. அன்று இரவு தவசிக்கனி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு மாதம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. செவ்வாயின் வடக்கு நகரும் தெற்கு நகரும் முப்பது வருடமாக ஒன்றையொன்று குறிவைத்து நிறுத்தியிருந்த பெரும்பீரங்கிகள் இரண்டையும் கழற்றி, ஆளுக்கு ஏழு பெட்டியாகக் கட்டி, பாதுகாப்புக்காகப் புதுச்செவலுக்கு அனுப்புகிறார்கள். இளவெயினி அம்மையாரின் அறிக்கையை ஏற்று ஒருமனதாக எடுத்த முடிவு என்று அதில் இருந்தது.

கப்பல் வந்து இறங்கிய அன்று ஊரே திரண்டு தாம்பாளத்தோடு துறைக்குப் போனது. கப்பல் தலைவர் மாக்சிம் என்ற வெளியூர்க்காரர், தமிழ் அரைகுறை. ரசீதை நீட்டி, யாராவது ஒருவர் முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அது ஆயிற்று பதினோரு மாதம். பதினாலு பெட்டியும் இன்னும் கப்பலிலேயே இருக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் ஒரு வெடிச்சத்தம் இல்லை. இரண்டு நகரத்துக்காரர்களும் பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிறார்களாம். செவ்வாயின் வரலாற்றிலேயே இவ்வளவு நீண்ட அமைதி இருந்ததில்லை என்று வாரியம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதைப் பெற்றுக்கொள்வது யார் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

கப்பல் தலைவர் மட்டும் பாவம் என்று தவசிக்கனிக்குத் தோன்றும். ஊருக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட மனிதர். அவரைப் பார்த்து ஆறுதல் சொல்லலாம் என்று நேற்று சர்பத் கடைக்குப் போனார். மாக்சிம் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"என்ன தம்பி, ஊர் நெனப்பா?" என்று கேட்டார் தவசிக்கனி.

மாக்சிம் மடியிலிருந்து ஊர்த் திருவிழா அழைப்பிதழை எடுத்து விரித்து, அடியிலிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"நீரே பாத்துச் சொல்லும் அண்ணாச்சி," என்றார். "கப்பலே என்னுது. எம்பேர இவ்வளவு சின்ன எழுத்துலயா போடுவாவ?"