குளியலறைக் கதவு

மத்தியானம் முகம் கழுவக் குழாயைத் திறந்தபோது தண்ணீரில் எஞ்சின் எண்ணெய் வாடை அடித்தது. எஞ்சினியர் கையை உதறினார். கப்பல் மூழ்கி நாற்பது நாளாகியும் சோற்றிலும் தலையணையிலும் அதே வாடைதானே, குழாய் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அலுத்துக்கொண்டு, குளியலறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து கூடத்து நாற்காலியில் விழுந்தார். திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டில் எந்தக் கதவையும் அவர் சாத்துவதில்லை.

போர்க்காலம். நீர்மூழ்கி விட்ட டார்பிடோ சரக்குக் கப்பலின் வயிற்றைக் கிழித்துவிட்டது. எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறியபோது இரும்புக் கதவைச் சாத்தித் தாழை முறுக்கியவர் இவர்தான். உள்ளே மச்சினன் இருந்தான், மனைவியின் ஒரே தம்பி. மற்ற முப்பது பேர் பிழைக்கட்டும் என்று செய்தது. கப்பல் என்னவோ எப்படியும் மூழ்கியது, பாதிப் பேர்தான் படகேறினார்கள். விசாரணையில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை; அவளிடம் சொன்னது வேறு.

"மேல் தளத்துல இருந்தான். ஒரு நொடிதான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

சுவருக்குள் குழாயில் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, பிறகு ஒன்று.

எஞ்சின் இரைச்சலில் கத்திப் பயனில்லை என்று மச்சினன் கண்டுபிடித்த பாஷை அது: டீ வந்தாச்சு மாமா, கதவைத் திறங்க. அன்றைக்கும் அதையேதான் தட்டினான். வெகுநேரம் தட்டினான்.

மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "குழாய்ல காத்து அடைச்சிருக்கா? அட, பாத்ரூம் கதவை யாரு சாத்தினது? நீங்கதான் எதையும் சாத்த விடமாட்டீங்களே."

"விடு. தானா நிக்கும்."

அவள் குளியலறைப் பக்கம் போனாள். எழுந்து தடுக்க நினைத்தார். நாற்காலிக் கையைப் பிடித்தவர் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மூன்று. ஒன்று.

"போகாதே." முனகத்தான் முடிந்தது.

அவள் கதவில் காதை வைத்தாள். தட்டு நின்றது.

"தம்பியா?"

உள்ளே முணுமுணுப்பு. தண்ணீருக்கு அடியிலிருந்து. இவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டது.

"ம்," என்றாள். "ம். அப்புறம்?"

கதவின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. அவள் அதிலேயே மண்டியிட்டாள்.

"யாருடா சாத்தினது?"

பதில் நீளமாக வந்தது. கதவைத் தடவிக்கொடுத்தபடி கேட்டாள். மெல்லத் தலையைத் திருப்பினாள். கண் கொட்டாமல் இவரைப் பார்த்துக்கொண்டே, கதவுக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.