மாடசாமியின் பைக்

புவனேந்திரன் துணிப்பையோடு மதுஷாவின் வீட்டுக்குக் குடிவந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலை முடிந்து யூக்கலிப்டஸ் மரங்கள் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. அந்த வாரம்தான் தோட்டத்துக் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டியிருந்தான். அவனுக்கு முதல் கல்யாணம். அவளுக்கு இரண்டாவது.

பையை இறக்கி வைக்கும்போதே அது கண்ணில் பட்டது. சுவரை ஒட்டிய கொட்டகையில், நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே ஒரு பைக். விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். பழைய வண்டிதான், ஆனால் ஒரு தூசி இல்லை.

"யாருது?" தெரிந்துகொண்டே கேட்டான்.

"அவரோடது," என்றாள் மதுஷா.

அவர் என்றால் மாடசாமி. செத்து மூன்று வருடமாகியும் அந்த வீட்டில் அவர் என்றால் மாடசாமிதான். அக்கம்பக்கத்தாரிடம் புவனேந்திரனைப் பற்றிப் பேசும்போது அவள் இவர் என்பாள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்து அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது.

மாடசாமி செத்த கதை தோட்டத்துக்கே தெரியும். பெரகலைக்குப் போகும் வழியில், நீர்வீழ்ச்சிச் சத்தம் கேட்கிற வளைவில், பெட்டரி வயர் கழன்று வண்டி நின்றுவிட்டது. லைட்டும் இல்லை, ஹோர்னும் இல்லை. ரோட்டோரமாகக் குந்தி வயரை மாட்டிக்கொண்டிருந்தவனைப் பனிமூட்டத்தில் வந்த லொறி அடித்துப் போட்டது. பைக்குக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதுஷா அந்த பைக்கின் பக்கத்தில் உட்காருவாள். சைட் கவரைக் கழற்றுவாள். பெட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சுடுதண்ணீர் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். ஈரம் போகத் துடைத்து, ஸ்க்ரூவை முறுக்கி, வயரை ஆட்டிப் பார்த்து, கடைசியாக வாசலினை விரல் நுனியில் எடுத்துத் தடவுவாள். காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷினோடு நாள் முழுக்க மாரடித்துவிட்டு வருகிறவனின் கையை அவள் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

"இனி நான் பாத்துக்கறேன்," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷைப் பிடுங்கினான்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து பைக் அவன் கைக்கு வந்தது. ஸ்டோருக்கும் கடைவீதிக்கும் அதில்தான் போனான். நல்ல வண்டி. ஒருநாளும் காலை வாரவில்லை.

மதுஷா பின்னால் ஏறும்வரைக்கும்.

அவள் முழுகாமல் இருந்தாள். ஹப்புத்தளையில் கிளினிக். முதல் முறை கூட்டிப்போனபோது அதே வளைவில் எஞ்சின் சட்டென்று அணைந்தது. சாவியைத் திருகினால் ஒரு விளக்கும் எரியவில்லை. நீர்வீழ்ச்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நெகட்டிவ் வயர் கழண்டிருக்கும், பாருங்க," என்றாள், பதற்றமே இல்லாமல்.

கழன்றுதான் இருந்தது. அன்று காலையில் அவனே முறுக்கிய ஸ்க்ரூ.

அடுத்த முறையும் அதே வளைவு, அதே வயர். தனியாகப் போகும்போது அந்த இடத்தை அவன் எத்தனையோ தடவை கடந்திருக்கிறான், ஒன்றும் ஆனதில்லை. திரும்பிப் பார்த்தான். மதுஷா இறங்கி, மதிலோரமாக நின்று, பள்ளத்திலிருந்து ஏறிவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் காட்டாத ஒரு சாந்தம் முகத்தில்.

இவள்தான் கழற்றுகிறாளோ? இந்த இடத்தில் நிற்பதற்காகவே?

அந்த எண்ணம் வந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பதுளைக்கு வண்டியைக் கொண்டுபோனான். பஸாரில் பெட்டரிக் கடை வைத்திருக்கும் அலவி நானாவிடம் காட்டினான். அலவி இரண்டு முனையையும் சுரண்டி, புதுக் கேபிள் போட்டு, ஸ்க்ரூ தளராமலிருக்க ஸ்ப்ரிங் வாஷரும் வைத்து இறுக்கினார். பழைய ஸ்க்ரூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, குலுங்கிக் கழர்ற ஸ்க்ரூ மரை தேஞ்சு போயிருக்கும். இது புதுசு மாதிரி இரிக்கி. யாரோ கையால கழட்டியிருக்காங்க."

"ஓடிக்கிட்டிருக்கற வண்டியிலயா நானா?"

அலவி ஸ்க்ரூவைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டிய வித்துருங்க," என்றார்.

விற்கவில்லை. அவனுக்கு வேறொன்று தெரியவேண்டியிருந்தது. அடுத்த கிளினிக் நாளில், மதுஷா தலை வாரிக்கொண்டிருக்கும்போது, சைட் கவரை மூடி, பிளாஸ்டிக் பட்டியால் சுற்றி இறுக்கிக் கட்டினான். வெட்டினால்தான் திறக்கும். அவளிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பகல் மூன்று மணிதான் இருக்கும். ஆனால் பெரகலை தாண்டியதும் பனி ரோட்டை மூடிவிட்டது. லைட்டைப் போட்டான். வெளிச்சம் ஒரு முழம் போய் நின்றது. ஈரமண் வாசம். கூடவே, பெட்டரி அமிலத்தின் புளித்த நெடி.

வளைவு வந்தது.

எஞ்சின் அணைந்தது. லைட் அணைந்தது.

புவனேந்திரன் இறங்கி இடப்பக்கமாகக் குந்தினான். பட்டி கட்டியது கட்டியபடியே இருந்தது. சூரிக்கத்தியால் அதை அறுத்து, கவரைத் திறந்தான்.

நெகட்டிவ் வயர் தனியாகக் கிடந்தது. ஸ்க்ரூவும் வாஷரும் பெட்டரியின் தலைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. வேலை தெரிந்தவன், தொலைந்துவிடாமல் எடுத்து வைப்பதுபோல.

அவனுக்கு மேலே, பின்சீட்டில் இருந்தபடியே மதுஷா மெல்லச் சிரித்தாள்.

"குளிரல. ஜாக்கெட்ட நீங்களே போட்டுக்கங்க."

"யாரோட பேசுற?"

"நீங்கதானே கேட்டீங்க, குளிருதான்னு?"

அவன் வாயைத் திறக்கவேயில்லை. அவள் அவனைப் பார்த்துப் பேசவும் இல்லை. முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அங்கே பனி மட்டும்.

மேலே எங்கோ ஒரு லொறி கியர் மாற்றி இறங்கும் சத்தம்.

"எறங்கு மதுஷா. வண்டிய ஓரமாத் தள்ளணும்."

அவள் இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்து இழுத்தான். பைக் அசையவில்லை. ப்ரேக் இல்லை, கியர் இல்லை, ஆனால் மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருங்க," என்றாள் கனவில் பேசுகிறவள்போல. "அவரு மாட்டி முடிச்சிருவாரு."

அவரு.

பயம் ஒரு பக்கம் இருக்க, அதைவிடப் பெரிதாக ஒன்று அவன் தொண்டைக்கு ஏறியது. பனியைப் பார்த்துச் சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டு:

"இவ என் பொண்டாட்டி."

மறுபடி குந்திப் பெட்டரி வயரை எட்டிய அவன் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. ஐஸ்போலக் குளிர்ந்த, வாசலின் பிசுபிசுக்கிற விரல்கள். இறுக்கிப் பிடித்தன. அங்கேயே, அந்த ரோட்டிலேயே, குந்திய நிலையிலேயே அவனை வைத்துக்கொள்ளப் பார்த்தன.

லொறியின் மஞ்சள் வெளிச்சம் பனிக்குள் ஊறிப் பெரிதாகியது.

எப்படி உதறினான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. மதுஷாவை இடுப்போடு அணைத்து இழுத்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தான். தலைக்கு மேலே இரும்பு இரும்போடு மோதியது. பைக் மதிலைத் தாண்டிப் போனது. அது கீழே விழுந்த சத்தம் வர வெகுநேரம் பிடித்தது.

லொறிக்காரர் ஓடிவந்தார். இருவரையும் தூக்கிவிட்டு, சுற்றுமுற்றும் தேடினார்.

"எங்க அந்த மனிசன்?"

"எந்த மனிசன்?"

"பைக்குக்கிட்ட குந்திக்கிட்டிருந்தாரே. என்னைத் திரும்பிப் பார்த்தாரே."

பள்ளத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆள் யாரும் இல்லை.

வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். மதுஷாவுக்கு அந்த வளைவில் பேசியது எதுவும் நினைவில்லை. ஆனால் பைக் போனதற்காக நாள் கணக்கில் அழுதாள். புவனேந்திரன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். உள்ளுக்குள் சிரித்தான். கொட்டகையைப் பிரித்து, அந்த இடத்தில் போஞ்சிக் கொடி நட்டான். ஒருநாள் அடுத்த வீட்டுக் காமிலா கேட்டதற்கு, "அவரு வேலைக்குப் போயிட்டாரு," என்று மதுஷா சொன்னது அவன் காதில் விழுந்தது. அவனைத்தான் சொன்னாள். அன்று முழுக்க அவன் கால் தரையில் படவில்லை.

பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சுகமாகப் பெண் குழந்தை பிறந்ததென்று போன் வந்தது. மறுநாள் நடுப்பகலில், பார்வையாளரை விடும் நேரத்துக்கு, பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தான். வார்டு முழுக்க வெயிலும் டெட்டோல் வாசமும் பிள்ளைகளின் சிணுங்கலும். கடைசிக் கட்டிலைச் சுற்றிப் பாதி திரை இழுத்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஸவாஹிரா என்ற பெண், உதட்டில் விரலை வைத்து, அவனைக் கிட்ட வரச் சொன்னாள்.

"மெதுவா போங்க, தூங்குறா. நீங்க புள்ளைக்கு மாமாவா?"

"அப்பா," என்றான்.

அவள் குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

"அப்பா காலையிலயே வந்துட்டாரே. புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாரு. இவ அவரு தோள்லயே சாஞ்சு தூங்கிட்டா. நான் இந்தப் பக்கம் திரும்பிட்டேன். வெளிய போனதைக் காணலையே."

புவனேந்திரன் திரையை விலக்கினான்.

மதுஷா கட்டிலின் நடுவில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் சிரிப்பு. தலை வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அந்தத் தலைக்குக் கீழே தலையணை இல்லை. சுவர் இல்லை. ஒன்றுமே இல்லை.

தலை விழாமல் இருந்தது.

அவள் கை படாமல், அவளுக்கு வலப்பக்கத்தில் மெத்தை குழியாக அமுங்கியிருந்த இடத்துக்கு மேலே, துணியில் சுற்றிய குழந்தை அந்தரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.