குதிகால் படாத நடை

அடுப்படியில் மனைவி நடப்பது கேட்டது. ஆனால் குதிகால் தரையில் படும் அந்தத் தொப்பென்ற சத்தம் மட்டும் இல்லை.

அவன் கசாப்புக் கூடத்தில் பதினாறு வருஷமாக மாட்டுக் கால் சுத்தம் செய்கிறவன். கொதிநீரில் முக்கியெடுத்து, சூடு ஆறுவதற்குள் ஒரே திருகாகத் திருகினால் குளம்பு கழன்று வரும். அடியில் வெளுத்த சதை கொழகொழவென்று ஆவி விடும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகாது, சோற்றோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கும். நாய் விரலை ஊன்றி நடக்கும், மாடு நகத்தின் மேலேயே நடக்கும், மனுஷன்தான் குதிகாலை ஊன்றுவான் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் மத்தியான ஓய்வுக்குப் படுத்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

டக். டக்.

“கால்ல என்னம்மா ஆச்சு?”

“இத்தன வருஷத்துல இப்பதான் என் கால் கண்ணுல பட்டுச்சா? மாட்டுக்குத்தான் அந்த யோகம்னு இருந்தேன்.”

சிரித்தபடியே ஆவி பறக்கும் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்து காலுறையை உருவினாள். சீழும் மாட்டுத்தோலும் கலந்த வாடை. விரல்கள் இல்லை. கறுத்துப் பிளந்த இரண்டு நகங்கள். பிளவில் மஞ்சளாக ஏதோ கசிந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“போனா திருப்பி அனுப்புவாங்களா? வேடிக்கப் பொருளாக்கி வெச்சுக்குவாங்க. உங்ககூட இருக்கணுங்க. கழட்டி விடுங்க, உள்ள விரல் நசுங்குது.”

காலை வாளிக்குள் விட்டாள். அவள் முகம் சுளிக்கவில்லை.

அவன் கை நீளவில்லை. ஆவி மெலிந்தது. நின்றது. தண்ணீர் ஆறிவிட்டது என்று தெரிந்தும் பிடித்தான். திருகினான்.

பொளக்.

சதையோடு வந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. “அப்பாடா” என்றாள். மற்ற காலை நீட்டினாள்.

“இதையுங்க.”

அவன் நிமிரவில்லை. கழன்ற குளம்பு உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ நெளிந்தது. எட்டிப் பார்த்தான்.

ஐந்து விரல்கள். ஈரமாக. அவன் மனைவியின் விரல்கள்.

ஒவ்வொன்றாக மடங்கி, அவன் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன.